எலி விழுந்தால் வெளியே, முத்து போட்டால் உள்ளே

கோயம்புத்தூரில் பிளேக்குக்கென்றே மாரியம்மன் உண்டு. பிளேக் மாரியம்மன் என்று பெயர்ப்பலகை வைத்த கோயில்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. 1903 வாக்கில் இந்த ஊருக்குள் நுழைந்த பிளேக், விட்டுவிட்டுப் பல வருஷம் வந்துபோனது. 1901 கணக்கெடுப்பில் சுமார் 53 ஆயிரம் பேர் இருந்த நகரம் 1911இல் 47 ஆயிரமாகச் சுருங்கியது. செத்தவர்கள் மட்டுமல்ல, பயந்து ஊரைக் காலி செய்தவர்களும் அந்தக் குறைவில் அடக்கம்.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். பாடப்புத்தகத்தில் கொள்ளைநோய் வந்தால் கூடவே கவர்னர் வருவார், சட்டம் வரும், ஆஸ்பத்திரி வரும். வீடு மட்டும் வராது. அப்போது யார் எங்கே படுத்தார்கள், யார் சமைத்தார்கள், ஆம்பிளைகள் பகலெல்லாம் என்ன செய்தார்கள் என்று எந்தப் பாடமும் சொல்லாது. 2020 மார்ச்சில் நாங்கள் ஐந்து பேர் சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்குத் தேவைப்பட்டது அந்த வரலாறுதான். புத்தகத்தில் இல்லாததால், எங்கள் வீட்டுக் கிழவிகள் சொன்னதையும் நானே பார்த்ததையும் கோத்துப் பார்த்துக்கொண்டேன்.

முதலில் பிளேக். கொரோனாவுக்கு நேர் எதிரான வழக்கம் அதற்கு. வீட்டுக்குள் இரு என்று யாரும் சொல்லவில்லை. வீட்டை விட்டு ஓடு என்றார்கள். என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, அன்னூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் காலத்துப் பேச்சு ஒன்று எங்கள் வீட்டில் கடைசிவரை புழங்கியது: "எலி விழுந்தா சட்டிபானையத் தூக்கு." விட்டத்திலிருந்து எலி செத்து விழுந்தால் மனிதனுக்கு நோய் வருவதற்கு முந்தைய எச்சரிக்கை அது. எலித் தெள்ளுதான் பிளேக்கை மனிதனுக்குக் கொண்டுவருகிறது என்று 1898இல் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சொன்னார். மருத்துவ உலகம் அதை ஒத்துக்கொள்ளப் பல வருஷம் ஆனது. அன்னூர்க்காரர்கள் சிமோனுக்காகக் காத்திருக்கவில்லை. தெள்ளுப்பூச்சி விஷயம் அவர்களுக்குத் தெரியாது. செத்த எலி கிடக்கும் வீட்டில் படுக்கக் கூடாது என்பது தெரியும்.

தோட்டம் உள்ளவர்கள் தோட்டத்துச் சாளைக்குப் போனார்கள். இல்லாதவர்கள் ஊருக்கு வெளியே மரத்தடியில் தென்னந்தடுக்கு மறைத்துக் குடிசை போட்டார்கள். விட்டுவந்த வீட்டின் ஓட்டைப் பிரித்து வெயில் உள்ளே விழும்படி செய்வதும், சுண்ணாம்பு அடிப்பதும் அப்போது வழக்கம். சாளை என்பது காவலுக்குப் படுக்கக் கட்டிய ஒற்றை அறை. அதில் அண்ணன் தம்பிக் குடும்பங்கள் இரண்டோ மூன்றோ ஒன்றாக இருக்க வேண்டும். அடுப்பு மட்டும் தனித்தனி. ஏற்கெனவே பாகம் பிரிந்து பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள்கூட ஒரே கூரைக்குக் கீழே வந்து, நடுவில் வேட்டியைக் கட்டி மறைத்துக்கொண்டு காலம் தள்ளியதாகக் கேள்வி. அடுத்த அறுவடைக்குள் சிலர் சமாதானம் ஆனார்கள், சிலர் ஜென்ம விரோதி ஆனார்கள். அம்மிச்சி இதைச் சொல்லும்போதெல்லாம் யார் யார் எந்தப் பக்கம் என்று பெயர் சொல்லியே சிரிப்பார்.

அரசாங்கம் அந்தக் காலத்தில் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதற்குப் புனே ஒரு பாடம். பம்பாயில் 1896இல் பிளேக் பரவியதும் 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டத்தைப் போட்டார்கள். நாலே பிரிவுகள் கொண்ட குட்டிச் சட்டம். யாரையும் எங்கேயும் தடுக்கலாம் என்பதுதான் சாரம். புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள், சமையலறை, பூஜையறை என்று பார்க்கவில்லை, பெண்களையும் சோதித்தார்கள். அந்தக் கோபத்தில் பிளேக் அதிகாரி ராண்டை 1897 ஜூனில் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அதற்குப் பிறகு வெள்ளைக்காரன் கொஞ்சம் அடங்கினான். சென்னை மாகாணத்தில் ரயிலில் வருகிறவர்களுக்கு பிளேக் பாஸ்போர்ட் என்று ஒரு சீட்டுக் கொடுத்து, போய்ச் சேர்ந்த ஊரில் நாள்தோறும் ஆஜராகச் சொன்னார்கள். 2020இல் இ-பாஸுக்கு விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, மறுபடி விண்ணப்பித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1897இன் அதே சட்டம் 2020லும் நம்மைக் கட்டிப்போடப் பயன்பட்டது.

பிளேக் ஊரின் அமைப்பையும் மாற்றியது. நெருக்கியடித்துக் கட்டிய பழைய தெருக்களை விட்டுக் காற்றோட்டமான இடம் தேடிப் போன நகரம், மேற்கே ஆர்.எஸ். புரத்தை உருவாக்கியது. நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் அது. இன்று அங்கே ஒரு சென்ட் என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்து பிளேக்கைத் திட்டுங்கள்.

அம்மை முற்றிலும் வேறு. அதற்கு வீடே ஆஸ்பத்திரி. எனக்கு நன்றாகத் தெரிந்ததும் அதுதான்.

1960களின் தொடக்கத்தில், நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது, என் தம்பிக்குப் பெரியம்மை வந்தது. இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு நெற்றியில் முத்து தெரிந்ததும் அம்மிச்சி ஒரு வார்த்தை பேசாமல் கொல்லைக்குப் போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து நிலவாசலில் செருகினார். அவ்வளவுதான், அறிவிப்பு முடிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து வீட்டுச் சட்டம் மாறிவிட்டது. நோயென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள். வந்தவளுக்குப் பிடிக்காததை அவள் போகும்வரை யாரும் செய்யக் கூடாது.

தாளிப்பு நின்றது. கடுகு வெடிக்கும் சத்தமும் எண்ணெய்ப் புகையும் வீட்டில் கிளம்பக் கூடாது. கறி, மீன் கிடையாது. மூன்று வேளையும் தயிர்ச்சோறு, கம்பங்கூழ், மோர், இளநீர். நோயாளிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். தலை சீவக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, வெளுத்த துணி உடுத்தக் கூடாது, யாருக்கும் காசோ அரிசியோ கடனோ கொடுக்கக் கூடாது. வாசலில் பிச்சைக்கு நிற்பவரை வா என்றும் சொல்லக் கூடாது, போ என்றும் சொல்லக் கூடாது. வேப்பிலையைப் பார்த்து அவரே நகர்ந்துவிடுவார். பக்கத்து வீட்டம்மா மோர்ச் செம்பைத் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டுக் குரல் கொடுக்காமல் போய்விடுவார். எங்களைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வாசலைத் தாண்டும்போது சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

ஆம்பிளைகளுக்கும் இதில் பங்கு இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். என் அப்பா க்ஷவரம் செய்துகொள்ளவில்லை. முகம் முழுக்கத் தாடி முளைத்து, பார்க்க யாரோ மாதிரி இருந்தார். திண்ணையில் தனியாகத்தான் படுக்க வேண்டும். சந்தைக்குப் போகக் கூடாது, கள்ளைத் தொடக் கூடாது, செருப்புப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, முக்கியமாகக் கத்தக் கூடாது. காலையில் கட்டிலுக்குப் புது வேப்பிலை பறித்து வருவதும், வெயிலில் வைக்கத் தண்ணீர் சேந்துவதும் அவர் வேலை. எங்கள் அப்பா பானையைத் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான். வீட்டுச் சண்டைகளுக்கும் ஓய்வு. பின்னாளில் அம்மா சொல்வார்: "உன்ற தம்பி படுத்திருந்தப்பத்தான் நான் இந்த ஊட்டுல நிம்மதியா இருந்தேன், போ." தம்பி உயிருக்குப் போராடிய நாட்களைப் பற்றி ஒரு தாய் இப்படிச் சொல்வதா என்று எனக்கு அப்போது கோபம் வந்தது. கல்யாணமான பிறகு வரவில்லை.

தம்பிக்குப் பணிவிடை செய்தது அத்தை. அப்பாவின் அக்கா, சிறு வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தவர். அவர் முகம் முழுக்கத் தழும்பு. அது தற்செயல் அல்ல. ஆத்தா ஏற்கெனவே யாரிடம் வந்துபோனாளோ அவர்தான் பக்கத்தில் இருக்கலாம் என்பது ஊர் வழக்கம். ஒருமுறை பெரியம்மை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வருவது மிக அரிது என்ற உண்மையை அவர்கள் இப்படித் தெரிந்துவைத்திருந்தார்கள். நல்ல காரியங்களில் பின்னால் நிற்கச் சொல்லப்பட்ட அத்தை, அம்மை வந்த வீட்டில் எல்லோருக்கும் மேலே இருந்தார். அவர் சொன்னால் அப்பா மறுபேச்சில்லாமல் செய்தார். நடுவீட்டில் வாழையிலை விரித்து அதில் தம்பியைக் கிடத்தி, அரிப்பு எடுத்தால் வேப்பங்குழையால் நீவி, ராத்திரி மாரியம்மன் தாலாட்டுப் பாடி, அங்கேயே தரையில் சாய்வார். தம்பி ஒரு நொடிகூடத் தனியாக இருக்கவில்லை.

முத்து காய்ந்து உதிரத் தொடங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வெதுவெதுப்பான தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை. மூன்றாவது தண்ணீருக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் குளித்து, பாயையும் பழந்துணியையும் எரித்து, வீடு மெழுகி, மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து, கண்மலர் சாத்திவிட்டு வந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ரசத்துக்குக் கடுகு தாளித்த வாசம் தெருவுக்கே தெரிந்திருக்கும். அப்பா மறுநாள் க்ஷவரம் செய்துகொண்டார். சட்டத்துக்குத் தொடக்கம் இருந்தது போல முடிவும் இருந்தது.

இதையெல்லாம் எழுதும்போது முன்னோர் எல்லாம் அறிந்தவர் என்று மார்தட்டும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். வேப்பிலை பெரியம்மையைக் குணப்படுத்தவில்லை. அதன் கொடிய வகை வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் செத்தார்கள். கண்மலர் சாத்துவது அழகான வழக்கம். எத்தனை பேருக்குக் கண் போனது என்பதற்கும் அதுவே சாட்சி. எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒரு கண்ணோடுதான் எழுந்தாள். கதவில் செருகிய அதே வேப்பிலை, அம்மை குத்துகிறவரையும் வெளியே நிறுத்தியது. ஆத்தாவை ஊசியால் விரட்டினால் கோபித்துக்கொள்வாள் என்று குழந்தைகளைத் தானியக் குதிருக்குள் ஒளித்துவைத்த வீடுகள் உண்டு. என் இடது கையில் வட்ட வட்டமாக இருக்கும் தழும்பு, பள்ளிக்கூடத்திலேயே வரிசையில் நிறுத்திக் குத்தியது. தம்பி அப்போது பள்ளிக்குப் போகும் வயதில்லை. நான் பிழைத்ததும் அவன் படுத்ததும் அந்த வித்தியாசத்தால்தான்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பெரியம்மையோடு மல்லுக்கட்டிய டாக்டர் ஏ.ஆர். ராவும் அவர் குழுவினரும், நோய் வந்த 254 குடும்பங்களை ஆராய்ந்து 1968இல் வெளியிட்டார்கள். ஒரே வீட்டில் நோயாளியோடு இருந்தவர்களில் தடுப்பூசி போடாதவர்களுக்கு மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் நோய் வந்தது. போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ஒரே கூரை, ஒரே பானை. பிரித்தது கையிலிருந்த தழும்பு மட்டும். அந்தத் தடுப்பூசிக்கான அம்மைப்பாலை நம் மாகாணத்துக்குத் தயாரித்துக் கொடுத்தது 1899இல் தொடங்கிய கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். தமிழ்நாட்டில் கொரோனா சளி மாதிரிகளை முதலில் சோதித்ததும் அதே கிங் இன்ஸ்டிடியூட்தான். இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளிகள் 1975 மே மாதத்தில். 1980 மே 8 அன்று உலகிலேயே அது இல்லை என்று அறிவித்தார்கள். அத்தை அதைக் கேட்க இருந்தார். "அவ எங்கடா போவா, மலையேறியிருப்பா" என்றார்.

1918 இன்ஃப்ளூயன்சாவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதைகூட இல்லை. இந்தியாவில் மட்டும் கோடிக்கு மேல் கொன்ற நோய் அது. ஆனால் சில வாரங்களில் வந்து அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அதற்கென்று ஒரு தெய்வமோ, வீட்டு வழக்கமோ உருவாக நேரமில்லை. வழக்கம் இல்லாததால் நினைவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இனி நம் காலம். 2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு, 24 மாலை 144 தடை உத்தரவு, மறுநாள் முதல் நாடு முழுக்க முழு அடைப்பு. வீட்டுக்குள் இருங்கள் என்றார்கள். இருந்தோம். வீட்டுக்குள் எப்படி இருப்பது என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், குறுகலான சமையலறை. மகன் கணினிக் கம்பெனியில் வேலை. ஓர் அறையை ஆபீஸாக்கிக் கதவைச் சாத்திக்கொண்டான். மருமகளுக்கு வங்கி, வங்கி அத்தியாவசியப் பணி என்பதால் முகக்கவசம் போட்டுக்கொண்டு தினமும் போய்வந்தாள். பேரனுக்குக் கைபேசியில் வகுப்பு. என் கணவருக்குக் கூடத்தில் செய்தி சேனல், காலை முதல் இரவு வரை, எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு. முதியவர்கள் வெளியே வரக் கூடாது என்றதால் நான் சமையலறையில். முன்பெல்லாம் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் வெளியே போய்க்கொண்டிருந்ததால்தான் அந்த வீடு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. திண்ணையும் கொல்லையும் இல்லாத வீட்டில் கோபித்துக்கொண்டு போய் உட்காரவும் இடமில்லை. மகன் மீட்டிங்கில் இருக்கும்போது மிக்ஸி போடக் கூடாது. பேரன் வகுப்பில் இருக்கும்போது குக்கர் விசில் வரக் கூடாது. தாளிப்புக்குத் தடை மறுபடி வந்துவிட்டது என்று நானே சிரித்துக்கொண்டேன். ஆனால் இந்த முறை ஆத்தா இல்லை, ஆபீஸ். தடை சமைக்கிறவளுக்கு மட்டும்.

காப்பி கேட்பது நிற்கவில்லை. பதினோரு மணிக்கு ஒரு காப்பி, நான்கு மணிக்கு ஏதாவது நொறுக்கு, இடையில் கபசுரக் குடிநீர். அரசு போட்ட விதிகள் எல்லாம் வாசல்படியோடு நின்றன: இத்தனை மணிக்குக் கடை, இத்தனை அடி இடைவெளி, எந்தக் காரணத்துக்குப் பாஸ். அம்மை வீட்டுச் சட்டம் வாசல்படியில் தொடங்கி உள்ளே போகும். அப்பா எதைச் செய்யக் கூடாது, எதைச் செய்ய வேண்டும் என்று அது சொன்னது. என் மகனுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, நாள் முழுக்க உழைக்கிறானே என்ற பரிதாபம் எனக்கு. வங்கியில் நின்று உழைத்துவிட்டு வந்து பாத்திரம் தேய்த்தவள் மேல் அந்தப் பரிதாபம் வரக் கொஞ்சம் தாமதமானது.

2021 மே மாதம் இரண்டாம் அலை. மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையை முந்திய நேரம். மருமகளுக்குத் தொற்று. மகனின் ஆபீஸ் அறையைக் காலி செய்து அவளை அதில் வைத்தோம்; குளியலறையோடு சேர்ந்த அறை அது ஒன்றுதான். சாப்பாடு கொண்டுபோய் வைப்பது யார் என்ற கேள்வி வந்தது. மார்ச் மாதமே அறுபது தாண்டியவர்களுக்கு ஊசி தொடங்கியிருந்ததால் வீட்டில் இரண்டு தவணையும் முடித்திருந்தது நானும் கணவரும்தான். அவருக்குச் சர்க்கரை. "நான் வெக்கறேன்" என்றேன். கதவுக்கு வெளியே முக்காலி, அதில் தட்டு, தட்டிவிட்டு விலகி நிற்க வேண்டும். "அத்தை, தள்ளி நில்லுங்க" என்று உள்ளிருந்து அவள்தான் எனக்குக் காவல் இருந்தாள். நடுவீட்டில் ஆள் சூழ்ந்து கிடந்த தம்பியையும், கைபேசியில் மகனின் முகத்தைப் பார்த்தபடி தனியே கிடந்த இவளையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஆனால் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெரியம்மை முத்து தெரியும்வரை பெரும்பாலும் பரவாது. இது இருமல் வருவதற்கு முன்பே மூச்சில் பரவுவது. நோய்க்கேற்றபடிதான் வழக்கம்.

அந்த நாட்களில் மகன் சமைத்தான். முதல் நாள் சாம்பார் அடிப்பிடித்தது, பிறகு தேறினான். பேரன் தட்டுகளைக் கழுவினான். கணவர் செய்தி சேனலை அணைத்துவிட்டுக் காய் நறுக்கினார். யாரும் சொல்லி நடந்ததல்ல. வேறு வழியில்லாமல் நடந்தது. அவள் தேறி வெளியே வந்த வாரத்தில் பாதி பழைய நிலைமைக்குத் திரும்பிவிட்டது. மீதிப் பாதி நிற்கிறது.

அதே மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கருங்கல்லில் கொரோனா தேவியைச் செய்து வைத்தார்கள். ஊடகங்களில் கேலி கிளம்பியது. பிளேக் மாரியம்மனைத் தெரிந்த கோவைக்காரர்களுக்கு ஆச்சரியமில்லை. திப்புவின் படைவீரர்களுக்கு அம்மை கண்டபோது காத்தவள் என்று தண்டுமாரியம்மனுக்கே இங்கே தலவரலாறு உண்டு. என் மனக்குறை வேறு. பழைய ஆத்தா வீட்டுக்குள் வந்தால் தாடியோடு அப்பாவைத் திண்ணைக்கு அனுப்பினாள், தண்ணீர் சேந்த வைத்தாள், விதவை அத்தையைத் தலைமேல் உட்காரவைத்தாள். புதியவள் வந்தும் வீட்டுக்குள் யாருக்கும் ஒரு விரதம்கூட வைக்கவில்லை.

இன்னொரு தொற்று வராது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அது வரும்போது மாஸ்க்கும் மாத்திரையும் வாங்க ஓடுவதற்கு முன்னால், வீட்டு ஆண்களையும் உட்காரவைத்து மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள்: நோயாளிக்கு எந்த அறை, பணிவிடைக்கு யார், அடுப்படிக்கு எந்தெந்த நாள் யார். பேசியதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டிவிடுங்கள்.